அப்பாவ சோபால இருந்து எழுப்புறது எப்படி

எங்க அப்பாவுக்கு 71 வயசு, டெல்லி மயூர் விஹார்ல ரொம்ப வருஷமா இருக்கோம், தினமும் காலைல டிடிஏ பார்க்ல முக்கா மணி நேரம் நடந்துட்டு வந்துடுவாரு, அதுக்கப்புறம் ராத்திரி படுக்கப் போற வரைக்கும் அதே சோபா, அதே மூலை. அவரு உக்கார்ற இடத்துல மட்டும் ஸ்பான்ஞ்சு குழி விழுந்து பக்கத்து சீட்ட விட நாலு விரல் கீழ போயிடுச்சு. கேட்டா "அதான் வாக்கிங் போறேனே"ம்பாரு, நானும் அது போதும்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். போதாதுன்னு படிச்சு தெரிஞ்சதுக்கப்புறம் வீட்ல என்னென்ன மாத்தினோமோ அத எழுதறேன், வயசான அப்பா அம்மாவ வச்சிருக்கறவங்களுக்கு உதவும்.

2023ல ஜாமாங்கற மருத்துவ பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பிரிட்டன்ல 60 வயசு தாண்டின கிட்டத்தட்ட 50,000 பேரோட மணிக்கட்டுல கருவிய கட்டி எவ்ளோ நேரம் அசையாம இருக்காங்கன்னு அளந்து, சராசரியா ஆறரை வருஷத்துக்கு மேல யாருக்கு டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கிற சக்தியும் கொறையற நோய், வருதுன்னு பார்த்திருக்காங்க. தூக்கத்த கழிச்சிட்டு ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல உக்காந்தே இருக்கறவங்களுக்கு ரிஸ்க் ஏற ஆரம்பிக்குது, 12 மணி நேரத்துக்கு மேல வேகமா ஏறுது, எக்சர்சைஸ் பண்றத கணக்குல எடுத்தும் அப்படித்தான். உக்கார்றதுதான் நோயக் கொண்டு வருதுன்னு இது நிரூபிக்கல, ரெண்டும் சேர்ந்து வருதுன்னுதான் காட்டுது, ஆனா எங்க அப்பா விஷயத்துல நான் காத்திருக்கத் தயாரா இல்ல.

காரணம் என்னவா இருக்கும்னா, மூளை நம்ம எடைல 2 சதவீதம்தான் ஆனா உடம்போட சக்தில 20 சதவீதம் அதுக்கே போகுது, எல்லாம் ரத்தம் வழியாத்தான் போகணும். 2018ல இங்கிலாந்துல ஆபீஸ் வேலை பாக்கற 15 பேர 4 மணி நேரம் தொடர்ந்து உக்கார வச்சப்ப மூளைக்குப் போற ரத்த ஓட்டம் கொறஞ்சிருக்கு, அரை மணிக்கு ஒரு தடவ ரெண்டு நிமிஷம் நடந்தப்ப கொறையல.

சரி, என்ன பண்ணணும்? மொதல்ல எண்ணுங்க. தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாள தூக்கிப் போடாம, அதோட பின்பக்கம் உக்காந்த நேரத்த எல்லாம் குறிச்சுட்டு வாங்க, சாப்பிடறது, பேப்பர் படிக்கிறது, டிவி, கார்ல போறது எல்லாம் சேத்து. அப்பா "ஆறு மணி நேரம் இருக்கும்"னாரு, மூணு நாள் குறிச்சு பார்த்தா 12 வந்துச்சு. அந்தத் தாள அவரே கூட்டிப் பார்த்ததுதான் பெரிய விஷயம், நான் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாரு.

அடுத்தது, எழுந்துக்க சொல்லி நச்சரிக்காதீங்க, எழுந்தாதான் கிடைக்கும்னு ஆக்கிடுங்க. நாங்க ரிமோட்ட டிவி பக்கத்துலயே வச்சுட்டோம், சோபா பக்கத்துல இருந்த ஒரு லிட்டர் தண்ணி பாட்டில எடுத்துட்டு சின்ன டம்ளர் வச்சோம், காலியானா கிச்சனுக்குத்தான் போகணும். போன் சார்ஜர் பெட்ரூம்ல. ஊர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணா அப்பா ஒரு மணி நேரம் பேசுவாரு, இப்ப நடந்துகிட்டே பேசறாரு, அது ஒண்ணே போதும்னு சொல்ற அளவுக்கு நல்லா வேலை செய்யுது. சீரியல்ல விளம்பரம் வந்தா கிச்சன் மேடைய புடிச்சிட்டு குதிகால தூக்கி தூக்கி இறக்கறது, 10 தடவ. மதியம் சாப்பிட்டதும் படுக்கறதுக்கு முன்னாடி ஹால்ல இருந்து பால்கனிக்கு 10 நிமிஷம் நடை, சுகருக்கும் நல்லது.

டெல்லில இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. நவம்பர்ல புகை வந்ததும் வெளில நடக்க வேணாம்னு நாமளே சொல்றோம், ஜனவரில ரஜாய்ங்கற பஞ்சுப் போர்வைக்குள்ள போயிடுவாங்க, மே மாசம் லூங்கற அனல் காத்து அடிக்கும், கூலர் முன்னாடியே உக்காந்துடுவாங்க. ஆக வருஷத்துல பாதி நாள் பார்க் நடைய நம்ப முடியாது, வீட்டுக்குள்ள நடக்கற வழிய இப்பவே ஒழுங்கு பண்ணுங்க, வழுக்கற மிதியடி, நடுவுல கெடக்கற ஒயரு, ஸ்டூல் எல்லாம் எடுத்துடுங்க.

ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. மொதல் வாரத்துலயே அப்பா சட்டுனு எழுந்து தல சுத்தி சோபா கைப்பிடிய தேடி தடவினாரு, நான் பயந்துட்டேன். பிபி மாத்திர சாப்பிடறவங்களுக்கு இப்படி வரலாம். அதனால மொதல்ல சோபா நுனிக்கு நகர்ந்து, பாதத்த மேலயும் கீழயும் 10 தடவ ஆட்டிட்டு, மெதுவா எழுந்து ஒரு மூச்சு விடற நேரம் அப்படியே நின்னுட்டு அப்புறம் நடக்கணும். தல சுத்தறது தொடர்ந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திர அளவ மாத்த வேண்டியிருக்கலாம். முட்டி வலி அதிகமா இருந்தா உக்காந்தபடியே பாதம் ஆட்டறது, கால நீட்டி மடக்கறதுல ஆரம்பிக்கலாம்.

எழுப்பவே முடியாத நேரம் இருக்கும், அப்ப டிவிய கொறச்சு மூளைக்கு வேலை குடுங்க, கம்ப்யூட்டர், குறுக்கெழுத்து, பேரனுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கறது, எதுவா இருந்தாலும் சரி. 2022ல வந்த இன்னொரு ஆராய்ச்சில டிவி அதிகம் பாக்கறவங்களுக்கு டிமென்ஷியா ரிஸ்க் கூடவும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவங்களுக்கு கொறவாவும் இருந்துச்சு. எங்க வீட்ல இப்ப குறிக்கிற தாள்ல ஒம்போதரை, பத்துன்னு வருது, கிரிக்கெட் இருக்கற நாள் மட்டும் 11.