கொப்பரை இறங்குவதற்குள்: க்ரூயேரிலிருந்து ஏகிள் வரை மின்சைக்கிளில்

ஸ்விட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களுக்கு மின்சைக்கிளில் செல்பவர்கள் பெரும்பாலும் பேட்டரியை மனத்தில் வைத்தே பயணத்தை வகுத்துக்கொள்கிறார்கள். பாலாடைக்கட்டி செய்வதைக் காண விரும்புகிறவர்கள் முதலில் கேட்டறிய வேண்டியது கொப்பரை அடுப்பேறும் நேரத்தை. மாலையில் கறந்த பாலை இரவு முழுவதும் வைத்திருந்து, விடியற்காலையில் கறந்த பாலுடன் சேர்த்து அடுப்பேற்றுவது வழக்கமாகையால், முற்பகலிலேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். முதல் முறை நான் பதினொன்றரை மணிக்கு மூச்சு வாங்க, பாலாடைக்கட்டி செய்யும் ஒரு மலைக் குடிலின் வாசலில் போய் நின்றபோது, பளபளவென்று கழுவி வைத்த கொப்பரையைத்தான் பார்க்க முடிந்தது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் பாதை, போடன் ஏரிப் பக்கத்திலிருந்து ஜெனீவா ஏரிப் பக்கம் வரை செல்லும் தேசிய சைக்கிள் பாதை எண் 4-இன் கடைசிப் பகுதி. க்ரூயேரில் தொடங்கி, மோன்போவோன், ஷாத்தோ தே, லெத்திவா வழியாக 1,445 மீட்டர் உயரமுள்ள மோஸ் கணவாயைக் கடந்து ஏகிளில் இறங்கும் இத்தூரம் ஏறத்தாழ 60 கி.மீ. ஒரே நாளில் ஓட்டிவிடலாம். ஆனால் ஷாத்தோ தேயில் ஓர் இரவு தங்கினால்தான் இரண்டு காலைப்பொழுதுகள் கையில் இருக்கும். சிவப்புப் பலகையில் 4 என்ற எண்ணைப் பின்பற்றினால் போதும். ஊர்ப் பெயர்ப் பலகையில் எழுத்துகளைக் கூட்டிப் படித்து ஷாத்தோ தேயைத் தேடாதீர்கள். எழுதுவது Château-d'Oex, சொல்வது ஷாத்தோ தே.

வண்டியை வாடகைக்கு எடுப்பதே நல்லது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்துச்செல்ல இயலாது. மின்சைக்கிளின் பேட்டரியோ சாதாரணமாக 500 வாட்-மணி இருக்கும். மிதிக்கட்டையோடு இணைந்த நடு மோட்டார் உள்ள வண்டியைக் கேளுங்கள். செங்குத்தான ஏற்றங்களில் அதுவே ஈடுகொடுக்கும். மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை மோட்டார் துணைசெய்யும் வகைக்கு 16 வயது நிறைந்தவர்களிடம் உரிமம் கேட்பதில்லை. 45 கி.மீ. வகைக்கு எண் பலகை, உரிமம், தலைக்கவசம் மூன்றும் கட்டாயம். மலைப்பாதையில் அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை. 2022 ஏப்ரல் முதல் எல்லா மின்சைக்கிள்களும் பகலிலும் விளக்கை எரியவிட்டே ஓட வேண்டும்.

பேட்டரிக் கணக்கு எளிது. ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 110 கிலோ என்றால், 1,000 மீட்டர் ஏற ஏறத்தாழ 300 வாட்-மணி ஆற்றல் தேவை. அதில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் கால்கள் கொடுத்தாலும், மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் 500 வாட்-மணி பேட்டரியில் பாதிக்குமேல் தீர்ந்துவிடும். ஆகவே நடுத்தர உதவி நிலையில் வைத்து, இலகுவான கியரில் வேகமாக மிதியுங்கள். மேய்ச்சல் குடிலில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று நம்பிப் போக வேண்டாம். சூரியத் தகட்டையோ ஜெனரேட்டரையோ நம்பியிருக்கும் குடில்கள் பல; அங்கே முதல் உரிமை பால் கறக்கும் இயந்திரத்துக்கு.

முதல் காலையில், க்ரூயேர் ரயில் நிலையத்துக்கு எதிரே ப்ரேன்ஜியில் உள்ள செயல்விளக்கப் பண்ணையைப் பாருங்கள். 35 கிலோ எடையுள்ள ஒரு க்ரூயேர் பாலாடைக்கட்டி வட்டுக்கு 400 லிட்டர் பால் தேவைப்படுவது அங்கே கண்முன் தெரியும். ஆனால் எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடக்கும். புகை மணக்கும் உண்மையான வேலையைக் காண லெத்திவாவின் சுற்றுவட்டக் குடில்களுக்குத்தான் போக வேண்டும். லெத்திவா பாலாடைக்கட்டியை மே 10 முதல் அக்டோபர் 10 வரை, மலையிலேயே, விறகு அடுப்பில் மட்டுமே செய்யலாம் என்பது விதி. எந்தக் குடிலில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள் என்று முந்தைய நாளே சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு, தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

உள்ளே போனால் கொப்பரையைக் கவனியுங்கள். செம்பால் ஆன அது, சுழலும் மரக்கையில் தொங்கும். சூடு போதுமென்றால் தீயை யாரும் தணிப்பதில்லை. கொப்பரையையே நெருப்பை விட்டு ஒதுக்கித் தள்ளுகிறார்கள். ஏறத்தாழ 32 பாகை செல்சியஸில் உறைபொருள் சேர்த்து, திரண்ட பாலைக் கம்பிகள் கட்டிய சட்டத்தால் சிறு துகள்களாக அறுத்து, பிறகு 57 பாகை வரை சூடேற்றுகிறார்கள். பதம் பார்ப்பது கையால்தான்: ஒரு பிடி துகளை அள்ளி இறுக்கி, உள்ளங்கையை விரித்துத் தேய்த்தால் அது உதிர வேண்டும். உதிர்ந்ததும் விளிம்பில் வளையும் எஃகுத் தகடு கோத்த துணியைக் கொப்பரையின் அடிவழியே செலுத்தி, மொத்தத்தையும் நீர் சொட்டச் சொட்டத் தூக்குவார்கள். இந்த ஒரு கணத்துக்காகவே அதிகாலையில் கிளம்பச் சொல்கிறேன். சைவ உணவுக்காரர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அந்த உறைபொருள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது.

வழியில் வேலிக் கதவுகளைத் திறந்தால், கடந்ததும் மூடிவிடுங்கள். கன்றுடன் நிற்கும் பசுவை நெருங்கக் கூடாது. மந்தைக்காவல் நாய் குரைத்தபடி வந்தால், இறங்கி, சைக்கிளை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக விலகி நடக்க வேண்டும். கோடைப் பிற்பகல்களில் இடிமழை அடிக்கடி வருமாதலால், கணவாயை நண்பகலுக்குள் கடப்பது நல்லது. விபத்து நேர்ந்தால் 1414 என்ற எண்ணில் மீட்பு ஹெலிகாப்டர் சேவையை அழைக்கலாம்.

லெத்திவா கிராமத்தில், குடில்களிலிருந்து இறங்கும் வட்டுகளை முதிரவைக்கும் கூட்டுறவு நிலவறை உள்ளது. பல ஆண்டுகள் முதிர்ந்த கட்டியை மெல்லிய சுருள்களாகச் சீவி 'ரெபீப்' என்று விற்கிறார்கள். அதையே வாங்குங்கள், வெயிலில் வியர்ப்பது குறைவு. அதன்பின் கணவாய் வரை மீதமிருப்பது சிறிய ஏற்றம்தான். உச்சியிலிருந்து ஏகிளுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். கனமான வண்டி என்பதால் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தமாகப் பிடித்து, பிறகு விட்டு, பிரேக் தகடு ஆற இடம் கொடுங்கள். ஏகிள் நிலையத்தில் ரயில் ஏறுமுன் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வழியில் இன்டர்சிட்டி என்னும் நெடுந்தூர ரயிலுக்கு மாறுவதானால் கோடையில் அதற்கு இடமும் முன்பதிவு செய்திருக்க வேண்டும்.