வெள்ளாமை வெட்டு நேரத்தில் சேர்வர் திணறாமல் இருக்க எந்த டிஸ்க் எடுப்பது?

கிளவுட்டில் சேர்வர் எடுக்கும்போது சிபியூ, ரேம் எல்லாவற்றையும் அலசிவிட்டு டிஸ்க்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில், உங்கள் வேலை ஓட்டோவா லொறியா என்று பாருங்கள். கல்முனை பசாரில் ஓட்டோ சின்னச் சின்ன ஓட்டமாக நாள் முழுக்க ஓடும். சம்மாந்துறை ஆலைக்கு நெல் கொண்டுபோகும் லொறிக்கு ஓட்டம் குறைவு, பாரம் அதிகம். டிஸ்க்கில் ஓட்டக் கணக்குக்கு, அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை படிக்க, எழுத முடியும் என்பதற்கு, ஐஒப்ஸ் என்று பெயர். பாரத்துக்கு, அதாவது செக்கனுக்கு எவ்வளவு டேட்டா போகும் என்பதற்கு, த்ரூபுட். பில், கணக்கு, டேட்டாபேஸ் எல்லாம் ஓட்டோ. வீடியோ, சேர்வர் தன் வேலைகளைப் பதிந்துவைக்கும் பெரிய லொக் ஃபைல்கள் லொறி.

அமேசான் கிளவுட்டில் சேர்வருக்கு டிஸ்க் தரும் ஈபிஎஸ் சேவையை வைத்துச் சொல்கிறேன். குழப்பமாக இருந்தால் அதில் ஜீபீ3 என்ற வகையை எடுங்கள். எவ்வளவு சின்னதாக எடுத்தாலும் 3000 ஐஒப்ஸ் விலைக்குள்ளேயே கிடைக்கும், போதாவிட்டால் இடத்தைக் கூட்டாமல் வேகத்தை மட்டும் தனியாக வாங்கலாம். பழைய ஜீபீ2 அப்படி இல்லை: கிகாபைட்டுக்கு 3 ஐஒப்ஸ்தான், ஆக 100 கிகாபைட் எடுத்தால் 300. வேலை குறைந்த நேரத்தில் சேரும் கிரெடிட் கையிருப்பில் உள்ளவரை 3000 வரை பறக்கும், அதே வேகத்தில் ஓடினால் சுமார் 33 நிமிடத்தில் அது காலி. நெல் ஆலைக்கு பில் போடும் சேர்வர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வேலையில்லாத மாதத்தில் சோதித்தால் எல்லாம் ஜோராக இருக்கும், பெரும்போக அறுவடையில் ஆலை வாசலில் ட்ரக்டர் வரிசை நிற்கும்போதுதான் படுத்துவிடும். இத்தனைக்கும் கிகாபைட் விலையிலும் ஜீபீ3தான் மலிவு, அப்புறம் எதற்கு ஜீபீ2?

ஐஓ2 என்ற இன்னும் வேகமான வகை விலை கூடியது. ஜீபீ3இன் வேகத்தைக் கூட்டியும் டேட்டாபேஸ் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடந்தால் மட்டும் யோசியுங்கள், நம் பக்கத்துக் கடைகளுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

எஸ்டீ1, எஸ்சி1 இரண்டும் ஹார்ட் டிஸ்க் வகை, லொறி வேலைக்கு மலிவு. 125 கிகாபைட்டுக்குக் குறைவாக எடுக்க முடியாது, அதிலிருந்து சேர்வரை பூட் பண்ணவும் முடியாது. டேட்டாபேஸை அதில் வைத்துவிடாதீர்கள்.

டிஸ்க் வகையை சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், அளவைக் கூட்டவும் செய்யலாம், ஆனால் குறைக்க முடியாது. அதனால் சின்னதாகத் தொடங்குங்கள். சரி, டிஸ்க்கை மாற்றியும் மெதுவாக இருந்தால்? மட்டக்களப்பிலிருந்து மும்பை சேர்வருக்கு ஒரு பிங் போட்டுப் பாருங்கள், போய்வரும் அந்த நேரத்தை எந்த டிஸ்க்காலும் குறைக்க முடியாது.