கத்துகிற கடனும் தின்கிற கடனும்: சின்னச் சம்பளத்தில் கடன் அடைக்கும்போது செய்யக் கூடாதவை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடுகிற வேலையில் இருந்தபோது எனக்குச் சம்பளம் 19,000. கடன் ஆறு இடத்தில். கிரெடிட் கார்டில் 40,000, போன் வாங்கிய ஈ.எம்.ஐ., மொபைல் ஆப் ஒன்றில் எடுத்த 22,000, அடகில் மூன்று பவுன் சங்கிலி, தினமும் கட்டுகிற தண்டல், அப்புறம் மாமாவிடம் வாங்கிய கைமாற்று 15,000. மாமா வட்டி கேட்கவில்லை, ஆனால் காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே பார்த்தாலும் நாலு பேர் முன்னால் அசலைக் கேட்பார். அதனால் கையில் கொஞ்சம் மிச்சமானால் அது மாமாவுக்குப் போகும். கார்டு கம்பெனி எஸ்.எம்.எஸ். மட்டும்தான் அனுப்பும், மரியாதையாக. என்னைத் தின்றுகொண்டிருந்தது அதுதான் என்று புரிய ஒன்றரை வருஷம் ஆனது.

கடனில் மாட்டுகிற பாதிப் பேர் செய்கிற தவறு இதுதான், கத்துகிற கடனுக்கு முதலில் கட்டுவது. எல்லா இடத்திலும் அந்தந்த மாதத் தவணையைத் தவறாமல் போட்டுவிட வேண்டும், அதில் மாற்றமில்லை. அதற்கு மேல் மிச்சமாகிற 500 ஆனாலும் 1,000 ஆனாலும் எது அதிக வட்டியோ அங்கே போக வேண்டும். மாமாவிடம் நேரில் போய், மாதம் 500 என்று ஒரு கணக்கு சொல்லிவிட்டு வந்தேன், முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார்.

அந்தக் கார்டு கணக்கை ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நிலுவை 40,000. மாத வட்டி 3.5 சதவீதம், 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 252. ஆக 1,652. நான் கட்டிக்கொண்டிருந்த மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 5 சதவீதம், 2,000. அசலில் குறைந்தது 348 ரூபாய்! இரண்டாயிரம் கட்டி முந்நூற்றி நாற்பத்தெட்டு. இதில் இன்னொரு கொடுமை, நிலுவை வைத்துக்கொண்டு அதே கார்டில் 800 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாக் காலம் என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் முழு பில்லையும் கட்டுகிறவருக்குத்தான். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, நம் கடன் கணக்கையெல்லாம் பதிந்து வைத்து ஸ்கோர் போடுகிற சிபிலில் தவணை தவறியதாக ஏறாது, அவ்வளவுதான் அதன் பயன். கடன் அடைகிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

தண்டலையும் சும்மா விடக் கூடாது. பத்தாயிரம் என்று பேர், கையில் வந்தது 8,500, தினம் 100 வீதம் 100 நாள். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் தினம் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால் சராசரியாக நம் கையில் இருக்கிற தொகை அதில் பாதிதான், அதற்கு மூன்று மாதத்துச் சொச்சத்தில் 1,500 என்றால் வருஷக் கணக்கில் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரே ஆறுதல், அது நூறு நாளில் முடிந்துவிடும். முடிகிற நாளில் தண்டல்காரர் சிரித்த முகமாக அடுத்த நோட்டை நீட்டுவார், அன்றைக்கு மட்டும் வீட்டில் இருக்காதீர்கள்.

அப்படியானால் நகையை வைத்துக் கார்டை அடைக்கலாமா என்று கேட்பீர்கள். நான் அடைத்தேன். மனைவியின் வளையலை பேங்கில் வைத்தபோது வட்டி வருஷத்துக்கு 10 சதவீதத்துக்குக் கீழே, கார்டுக்கோ 42. கணக்குப்படி இதில் யோசிக்க ஒன்றுமில்லை, வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் யோசனை. ஆனால் அடைத்த கார்டை மறுபடி பர்சில் வைத்துக்கொண்டு அலைந்தால் ஆறு மாதத்தில் கார்டிலும் கடன் இருக்கும், பேங்கில் வளையலும் இருக்கும். நான் அதைப் பழைய பில்களோடு சேர்த்து ஒரு கவரில் ஒட்டி அலமாரியில் போட்டுவிட்டேன். கார்டையே மூடிவிடலாமே என்றால், பழைய கார்டை மூடினால் மொத்த லிமிட் குறைந்து ஸ்கோர் கொஞ்சம் அடிவாங்கும் என்பார்கள், உண்மைதான். ஆனாலும் கை நிற்காது என்று தெரிந்தவர் மூடிவிடுவதே மேல், ஸ்கோரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, நகைக்கடனை வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போகாதீர்கள். என் மூன்று பவுன் சங்கிலிக்கு ஏல நோட்டீஸ் வந்தது அப்படித்தான்.

இனி செட்டில்மென்ட், அதாவது பாக்கியில் ஒரு பங்கை மட்டும் கட்டிக் கடனை முடித்துக்கொள்வது. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஆப் லோனில் மூன்று தவணை நின்றுபோயிருந்தது. ஒருநாள் மதியம் கம்பெனி கேன்டீனில் தயிர்சாதத்தில் கை வைத்தபோது போன். "சார், 22,000 இருக்கு, இன்னிக்கே 9,000 கட்டினா முடிச்சுக் குடுத்திடறேன், நாளைக்கு இந்த ஆஃபர் இருக்காது." எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கி அங்கேயே கட்டினேன். அப்புறம் ஒரு வருஷம் கழித்து பைக் லோனுக்குப் போனபோது மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் கடனுக்கு நேரே 'செட்டில்டு' என்று இருந்தது. முழுசாகக் கட்டி முடித்தால் 'குளோஸ்டு' என்று வரும். 'செட்டில்டு' என்றால் இவர் முழுசாகக் கட்டவில்லை, நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று அர்த்தம், அடுத்துக் கடன் கொடுக்கிறவர் அப்படித்தான் படிப்பார். பிறகு அவர்களைத் தேடிப் பிடித்து மிச்சத்தையும் கட்டி, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்ற வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

செட்டில்மென்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். வேலை போய், வீட்டில் நோயாளியும் இருந்து, வேறு வழியே இல்லை என்றால் அது ஒரு வழிதான், ஸ்கோர் போகட்டும். ஆனால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், கட்டிய பிறகு மீதி பாக்கி எதுவும் இல்லை என்பதெல்லாம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதமாகவோ அதன் சொந்த மெயிலிலிருந்தோ வந்த பிறகுதான் பணம். அதுவும் லோன் கணக்குக்கே கட்ட வேண்டும், ஏஜென்ட் சொல்கிற ஜிபே நம்பருக்கு அல்ல. அவசரப்படுத்துகிறாரா, அவசரம் அவருடைய மாதக் கடைசி டார்கெட்டுக்கு. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது, இதை நிதானமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள், குரல் தணியும். மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, செலவில்லை.

சின்ன விஷயம்போலத் தெரிந்து பெரிதாகக் கடிக்கிற ஒன்று, தவணைத் தேதி. எனக்குச் சம்பளம் 7ஆம் தேதி, ஈ.எம்.ஐ. பிடிப்பது 5ஆம் தேதி. அக்கவுன்ட்டில் பணம் இல்லாமல் திரும்பினால் பேங்க் 500 பிடிக்கும், ஜி.எஸ்.டி.யோடு 590, கடன் கொடுத்தவர் தன் பங்குக்குத் தனியாக. இரண்டு நாள் வித்தியாசத்துக்கு ஐந்து மாதம் தண்டம் அழுதேன். கேட்டபோது தேதியை 10க்கு மாற்றிக் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் மாற்றுவார்கள் என்றில்லை, ஆனால் நான் ஐந்து மாதம் கேட்கவே இல்லை.

மிச்சமாகிற கடைசிப் பைசாவையும் கடனில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ரோஷக்காரர்கள். வண்டி டயர் வெடித்ததும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் மறுபடி ஆப்பைத் திறப்பார்கள். ஐயாயிரமாவது தனியாக இருக்கட்டும், கடன் ஒரு மாதம் தள்ளி முடிந்தாலும் பரவாயில்லை. ஒரு இடத்தில் லோன் மறுத்தால் அன்றைக்கே இன்னும் நாலு இடத்தில் போடுவதும் வேண்டாம், ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகி இவர் பணத்துக்குப் பறக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் அது குறையாது, இந்தப் பயத்தில் பார்க்காமலே இருப்பவர்கள் உண்டு. காசு வாங்கிக்கொண்டு சிபிலை ஏற்றித் தருகிறோம் என்கிறவர்கள் பக்கம் போகவே வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, தப்பான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம்.

தப்பு இருக்குமா என்றால், இருக்கும். நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியல், பான் கார்டில் அது விரிந்து ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. என் பெயரும் இனிஷியலும் உள்ள யாரோ ஒருவர் வாங்கிய டிராக்டர் லோன் என் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருந்தது, நான் டிராக்டரில் ஏறியதுகூட இல்லை. இந்தியாவில் இப்படிப் பதிவு வைக்கிற நிறுவனங்கள் நான்கு, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். பிழை இருந்தால் அவர்களுடைய தளத்திலேயே புகார் போடலாம், 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு, 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. ஒன்றில் சரியானால் நான்கிலும் சரியாகிவிடாது, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எல்லாம் அடைத்த பிறகு ஸ்கோர் தானாக ஏறும் என்று கை கட்டி உட்காரவும் கூடாது. புதுக் கார்டு கொடுக்க மாட்டார்கள், ஆனால் 15,000, 20,000 டெபாசிட் போட்டால் அதன் பேரில் கார்டு தருகிற பேங்குகள் இருக்கின்றன. அதில் போன் ரீசார்ஜும் கேஸ் சிலிண்டரும் மட்டும் வாங்கி, மாதா மாதம் முழு பில்லும் அக்கவுன்ட்டிலிருந்து தானே கழிகிற மாதிரி வைத்தேன். லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. ஏழெட்டு மாதம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, பிறகு மெதுவாக ஏறி 700ஐத் தாண்டியது.

தாண்டியது எப்படியோ மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. "மாப்ள, ஜாமீன் கையெழுத்து மட்டும்தான், நான் கட்டிடுவேன்" என்று வந்து நின்றார். ஜாமீன் போட்ட கடன் நம் ரிப்போர்ட்டிலும் ஏறும், அவர் தவறினால் நம் ஸ்கோரும் விழும், நம்மைத்தான் தேடி வருவார்கள். காபி கொடுத்து, கையெழுத்துக்குப் பதிலாக 3,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து அனுப்பினேன். அது திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை, ஆனால் அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது.