ஸ்டீராய்டு களிம்பு: எவ்வளவு, எங்கே, எத்தனை நாள்

ட்யூபில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்து மருந்தின் வீரியத்தை முடிவு செய்யாதீர்கள், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். 1% ஹைட்ரோகார்ட்டிசோன் மிக மென்மையானது, 0.05% க்ளோபெடசாலோ இருப்பதிலேயே கடுமையான வகை. எண் சின்னதாகத்தானே இருக்கிறது என்று அதை எடுத்து முகத்தில் தடவுபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. பெயரைப் படியுங்கள். இரண்டு ட்யூப் கையில் இருந்தால் எது கடுமையானது என்று மருந்தாளுநரிடமே கேட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது என்ன நோய் என்று தெரிய வேண்டும். எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி), சொரியாசிஸ் (செதில் உதிரும் தோல் நோய்) போன்றவற்றுக்கு இந்தக் களிம்பு நன்றாகக் கேட்கும். படர்தாமரைக்குப் போட்டால் கதை வேறு: சில நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கி, குணமாகிவிட்டது போலவே தோன்றும், ஆனால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவிக்கொண்டே இருக்கும், வட்டமான விளிம்பு மங்கிப்போவதால் பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டையும் கலந்து வரும் க்ரீம்களை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

சரி, அளவுக்கு வருவோம். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். விரல்களைச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு இது போதும். குழந்தைக்குப் போடும்போதும் பெரியவரின் விரலும் உள்ளங்கையும்தான் கணக்கு. பெரியவரின் ஒரு கை முழுவதற்கும் இப்படி நான்கு கோடு, பாதம் நீங்கலாக ஒரு கால் முழுவதற்கும் ஆறு கோடு ஆகும். பயந்துகொண்டு பொட்டு வைப்பது போலத் தொட்டுவிட்டு, கேட்கவில்லை என்று மாதக்கணக்கில் இழுப்பதைவிட, சரியான அளவை மருத்துவர் சொன்ன நாள்வரை போட்டு முடிப்பதே நல்லது என்பேன். பெரும்பாலும் நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. மாய்ஸ்சரைசரும் போடுகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நீர்த்துப்போய், படக்கூடாத இடத்துக்கும் பரவிவிடும்.

எல்லா இடத்துத் தோலும் ஒன்று இல்லை. உள்ளங்காலில் தோல் தடிமன் என்பதால் மருந்து மெதுவாகத்தான் இறங்கும், கண் இமை, முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் மளமளவென்று இறங்கிவிடும். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம். குழந்தையின் டயப்பருக்குள்ளே போடுவதும் கட்டுப்போட்டு மூடுவதும் மருந்தை இன்னும் ஆழமாக இறக்கும், ஆகவே மருத்துவர் சொல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள்.

க்ளோபெடசால் போன்றவற்றுக்குப் பொதுவான வரம்பு தொடர்ந்து இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், வரித்தழும்பு விழும், விழுந்தால் முழுதாக மறையாது. நிறம் வெளுக்கிறது என்பதற்காக முகத்தில் தினமும் தடவுபவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: விட்டதும் முகம் சிவந்து எரியும், எரிகிறதே என்று மறுபடி போடுவார்கள், அப்படியே மாட்டிக்கொள்வார்கள். ஏற்கெனவே நீண்ட நாள் போட்டுவருகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாமல் எப்படிக் குறைப்பது என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரம் போட்டும் குறையாவிட்டாலோ உடனே போய்க் காட்டுங்கள். போகும்போது அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள், வெறுமனே 'ஒரு வெள்ளை க்ரீம் போட்டேன்' என்று சொன்னால் மருத்துவரால் எதையும் கணிக்க முடியாது.