மூன்று ஊராட்சிக்கு ஒரு சாலை: சேர்ந்து பராமரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சீயராக இருந்த காலத்தில் பார்த்த ஒரு வேலை இன்னும் மனதில் இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று ஊராட்சிகள் தங்களுக்குப் பொதுவான இணைப்புச் சாலையைச் சேர்ந்து செப்பனிட்டன. ஜல்லியில் குறை இல்லை, தாரில் குறை இல்லை, மூன்று தலைவர்களுக்குள்ளும் மனத்தாங்கல் இல்லை. ஐப்பசி மழையில் நடு ஊர்ப் பகுதி மட்டும் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. வடிந்த பிறகு பார்த்தால் தார் வறட்டி போலப் பெயர்ந்து கையோடு வந்தது. போய்த் தேடினோம். கீழ் ஊரில் போட்டிருந்த குழாய்ப் பாலம் வாய்க்காலின் தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருந்தது. மூன்று எஸ்டிமேட்டிலும் அந்த ஒரு சாணைப் பற்றி ஒரு வரி இல்லை.

உள்ளாட்சிகள் கைகோத்தால் சாலைப் பராமரிப்புச் செலவு குறையும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காவிரி டெல்டாவில் நடப்பது என்னவென்றால், பணத்தைச் சேர்க்கிறார்கள், டெண்டரைச் சேர்க்கிறார்கள், வடிகாலை மட்டும் அவரவர் ஊரோடு விட்டுவிடுகிறார்கள்.

எனவே கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஒரே கட்சி, சம்பந்தி முறை, வருவாய்க் கிராமம் ஒட்டியிருப்பது என்று பார்த்துச் சேர்கிறார்கள். பார்க்க வேண்டியது வாய்க்காலை. ஒரே வடிகாலில் தண்ணீரை விடும் ஊர்கள் எவையோ, அவைதாம் சாலைக்கும் கூட்டாளிகள். ஆறு பிரியும் இடமான நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கீழே கோரையாற்றுப் பாசனத்தில் ஓர் ஊரும் பாமணியாற்றுப் பாசனத்தில் ஓர் ஊரும் எல்லையால் ஒட்டியிருக்கலாம். ஆனால் அவற்றின் மழைநீர் வேறு வேறு வழியில் போகும். வாய்க்காலை வைத்துக் கூட்டுச் சேர்ந்த பின் முதல் வேலை, வழியில் உள்ள அத்தனை மதகு, சிறுபாலம், குழாய் ஆகியவற்றின் அடிமட்டத்தையும் டம்பி லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்துக் குறித்துக்கொள்வது. கடைமடையில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால், ஒவ்வோர் ஊரும் தன் சாலையைக் காப்பாற்றத் தண்ணீரை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டுக் கணக்கை முடித்துவிடும். இந்த அளவெடுப்புக்கு ஒரு வாரம் போதும். இதைச் செய்யாமல் போட்ட சாலைக்கு மூன்று மழைக்காலம் ஆயுள் என்றால் அது அதிர்ஷ்டம்.

அடுத்தது காலம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் வழக்கம். தண்ணீர் வரும் மாதங்களில் வயலும் வாய்க்காலும் நிறைந்திருக்கும். சாலையின் அடிமண் ஈரம் குடித்துக் களியாகக் கிடக்கும். இந்தக் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் தார் போடுவது ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். சரி, அணை மூடியவுடன் போட்டுவிடலாமா? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தை, மாசி இரண்டு மாதமும் சம்பா, தாளடி அறுவடை. செயின் வண்டி என்று நாம் சொல்லும் அறுவடை இயந்திரங்கள், நெல் ஏற்றிய டிராக்டர்கள், கொள்முதல் நிலையத்துக்கு வரும் லாரிகள் எல்லாம் இந்தச் சாலையில்தான் ஏறி இறங்கும். அரைகுறையாகக் காய்ந்த அடித்தளத்தில் பிப்ரவரியில் தார் போட்டால், மார்ச்சுக்குள் சக்கரத் தடம் பள்ளமாகிவிடும். நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்ட வேண்டும் என்ற அவசரம் இந்தத் தவறை ஆண்டுதோறும் செய்ய வைக்கிறது. எஸ்டிமேட், தீர்மானம், டெண்டர் எல்லாவற்றையும் தை மாதத்துக்குள் முடித்து வைத்துக்கொண்டு, நெல் லாரி ஓய்ந்த பின் பங்குனி தொடங்கி வைகாசி வரை தார் வேலையை வைத்துக்கொள்வதே சரி. ஆவணியில் ஒருமுறை மதகுகளைத் தூர்வாரி, சாலையோரப் புதர்களை வெட்டிவிட வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு பொக்லைன் வாடகைக்குக் கிடைப்பதே பெரும்பாடு.

செலவு எங்கே மிச்சமாகிறது என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று ஊர் வேலையையும் கட்டி ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கொடுத்தால் விலை குறையும் என்பார்கள். குறையலாம், சின்ன ஒப்பந்தக்காரர்கள் விலகிக்கொண்டு போட்டியே இல்லாமலும் போகலாம். உண்மையான மிச்சம் பள்ளம் அடைப்பதில் இருக்கிறது. டெல்டாவில் கல் கிடையாது. ஜல்லி புதுக்கோட்டைப் பக்கமிருந்தோ திருச்சிப் பக்கமிருந்தோ வர வேண்டும். சூடாகக் கலந்த தார் சுமார் 150 டிகிரி செல்சியஸில் லாரியில் ஏறும். அது 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோடு ரோலர் ஓட்டி முடித்தாக வேண்டும். ஓர் ஊரில் உள்ள பத்துப் பள்ளத்துக்கு ஒரு லாரி கலவையை வரவழைத்தால் பாதி மீந்து ஆறிப்போகும். மீந்ததைக் கோயில் வாசலிலோ தலைவர் வீட்டு முன்போ கொட்டிப் பரப்புவதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று ஊர்ப் பள்ளங்களையும் முன்கூட்டியே சதுரமாக வெட்டிச் சுத்தம் செய்து வைத்து, ஒரே நாளில் ஒரே லாரி, ஒரே ரோலரைச் சுற்றவிட்டால் கலவை வீணாகாது, ரோலர் வாடகையும் ஒன்றுதான். இதற்குத் தேவை ஒரு பள்ளப் பதிவேடு. எந்தச் சாலை, எத்தனையாவது மீட்டர், நீளம், அகலம், ஆழம். மூன்று ஊருக்கும் ஒரே நோட்டு.

யாருடைய சாலை என்று பார்க்காமல் செலவழிப்பது இன்னொரு பொல்லாப்பு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110ஆம் பிரிவில், கிராமச் சாலைகளைப் பராமரிப்பதை ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது; நெடுஞ்சாலையாகவோ ஒன்றியச் சாலையாகவோ வகைப்படுத்தப்பட்டவை அதில் சேராது. ஆற்றங்கரைமேல் போகும் சாலை என்றால் கரை நீர்வளத் துறையுடையது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு. அதற்குள் ஊராட்சி நல்ல மனத்தோடு பள்ளம் அடைத்தால், அவர் வேலையை நாம் நம் காசில் செய்துகொடுத்ததாக ஆகும். தணிக்கையில் ஆட்சேபணை எழுதிவிட்டால் பதில் சொல்லி மாளாது. ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து சாலைப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டால் போதும்.

பணப் பங்கீட்டைத் தலைக்கட்டு வைத்தோ சமமாகவோ பிரிப்பது சண்டைக்கு வழி. உதாரணமாக, 8 கி.மீ. சாலையில் ஓர் ஊருக்கு 4, இன்னோர் ஊருக்கு 2.5, மூன்றாவதுக்கு 1.5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 50, 31.25, 18.75. ஆனால் நெல் கொள்முதல் நிலையம் அந்த 1.5 கி.மீ. ஊரில் இருந்தால்? லாரி எல்லாம் அங்கே போகிறது, நெல்லோ மூன்று ஊருடையது. அந்த ஊரின் தேய்மானத்தில் மற்ற இரண்டும் பங்கேற்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பிறகு பேசினால் பழைய வாய்க்கால் தகராறெல்லாம் கிளம்பும்.

பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுச் சாலையை உயர்த்திக்கொண்டே போவதும் நம் ஊர்ப் பழக்கம். வீட்டு வாசல் பள்ளமாகிறது, மழைநீர் திண்ணைக்கு வருகிறது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். ஓர் ஊர் சுரண்டி, அடுத்த ஊர் சுரண்டாமல் விட்டால் எல்லையில் ஒரு படி விழும். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அந்தப் படி தெரியாது.

கூட்டாகப் போட்ட சாலையைக் கூட்டாகக் காவல் காக்காததும் குறைதான். சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலோடு டிராக்டரைத் தார்ச் சாலையில் ஓட்டுவது, திருவிழாப் பந்தலுக்குக் கடப்பாரை போடுவது, குடிநீர்க் குழாய்க்குக் குறுக்கே வெட்டி மண்ணால் மூடுவது, வயலை அகட்டச் சாலையோர மண்ணைச் செதுக்குவது. ஓர் ஊர் அபராதம் போட்டு அடுத்த ஊர் கண்டுகொள்ளாமல் விட்டால், கேஜ் வீல் எல்லை வரை கழன்று, எல்லை தாண்டியதும் மாட்டிக்கொள்ளும். மூன்று கிராம சபையிலும் ஒரே தீர்மானம், ஒரே தொகை.

புயலுக்கு முன்பே இயந்திரப் பட்டியல் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாலையை அடைத்துக் கிடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. மரம் அறுக்கும் இயந்திரம் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், எந்தச் சாலையை முதலில் திறப்பது என்று மூன்று ஊரும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலைதான் முதலில். இதில் விவாதமே வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் வாய்ப்பேச்சில் வைத்திருப்பது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இரண்டு தலைவர்களின் நட்பில் மட்டும் நிற்கும் ஏற்பாடு இப்படி ஒரே நாளில் காணாமல் போகும். தீர்மானத்தில் சாலையின் பெயர், யார் எவ்வளவு தருவது, அளவீட்டுப் புத்தகம் எந்த அலுவலகத்தில் இருப்பது, யார் வந்து அளப்பது என்று இருக்கட்டும். அதோடு நான் முதலில் சொன்ன அடிமட்டப் பட்டியலையும் இணைத்துவிடுங்கள். ஒரு பிரதி மூன்று அலுவலகத்திலும், இன்னொன்று மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடமும் இருக்க வேண்டும். எந்தக் குழாய் ஒரு சாண் மேலே நிற்கிறது என்று அவருக்கு எப்போதோ தெரியும். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.