திரைப் பதிவில் குரல் மட்டும் வெட்டி வெட்டி வருகிறதா?

லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் பாடங்களை என் மாணவர்களுக்குத் திரைப் பதிவாகத்தான் அனுப்புகிறேன். இரண்டு கோர் உள்ள பழைய லேப்டாப், லினக்ஸ் மின்ட், டெர்மினலில் கட்டளை தட்டிப் படமும் ஒலியும் பதியும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். இந்த மாதிரி ஏற்பாட்டில் படம் ஒழுங்காக இருக்கும், குரல் மட்டும் அரை வார்த்தையை விழுங்கிவிடும். உடனே மைக்கை மாற்றச் சொல்வார்கள். காசைச் செலவழிக்காதீர்கள், பெரும்பாலும் குரலைக் கெடுப்பது படம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1366க்கு 768 திரையை நொடிக்கு 30 பிரேம் எடுத்தால், சுருக்குவதற்கு முன் நொடிக்கு ஏறத்தாழ 126 எம்பி. 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியோ 192 கேபிதான். அந்த 126 எம்பியைச் சுருக்குவதில் சிபியு மூச்சுத் திணறும்போது, ஒலித் துண்டுகளை எடுக்க ஆள் இருக்காது. அவை வரிசையில் நின்று பார்த்துவிட்டு உதிர்ந்துபோகும்.

எதற்கும் மைக்கின் மேல் உள்ள சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். திரையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதியுங்கள்: எஃப்எஃப்எம்பெக் -எஃப் பல்ஸ் -ஐ டிஃபால்ட் டெஸ்ட்.வேவ். (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) இதுவே வெட்டினால் கோளாறு மைக் பக்கம். யுஎஸ்பி மைக் என்றால் ஹப்பிலிருந்து பிடுங்கி நேரடியாகச் செருகுங்கள். ஒலியைக் கையாளும் பைப்வயர் என்ற சேவை ஓடும் கணினியில் பிடபிள்யூ-டாப் என்று தட்டி, இஆர்ஆர் என்ற பத்தியில் எண் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

தனியாகப் பதியும்போது குரல் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் திரையோடு சேர்த்துப் பதியும்போது டெர்மினலின் கடைசி வரியில் ஸ்பீட் என்ற எண்ணைப் பாருங்கள். 1எக்ஸ் அருகில் நிற்க வேண்டும். 0.8, 0.7 என்று இறங்கினால் என்கோடர், அதாவது படத்தைச் சுருக்கும் பகுதி, பின்தங்குகிறது. "த்ரெட் மெசேஜ் க்யூ பிளாக்கிங்" என்ற எச்சரிக்கையும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்த எச்சரிக்கையே மருந்தையும் சொல்லும்: த்ரெட், க்யூ, சைஸ் மூன்றையும் அடிக்கோட்டால் இணைத்த ஆப்ஷன், அதாவது துண்டுகள் காத்திருக்கும் வரிசையின் நீளம். பல பதிப்புகளில் அதன் அளவு வெறும் 8. நான் 1024 வைக்கிறேன். எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு ஆப்ஷன் தனக்கு அடுத்து வரும் கோப்புக்கே பொருந்தும். கோப்பையோ கருவியையோ உள்ளீடாகக் காட்டும் குறி -ஐ. ஆகவே திரைக்கான -ஐக்கு முன்னால் ஒரு தடவை, ஒலிக்கான -ஐக்கு முன்னால் இன்னொரு தடவை. ஒரே இடத்தில் எழுதினால் மற்றது பழைய 8இலேயே கிடக்கும்.

ஆனால் வரிசையை நீட்டுவது அவகாசம் வாங்கித் தருமே தவிர, சுமையைக் குறைக்காது. என்கோடர் தொடர்ந்து பின்தங்கினால் 1024உம் ஒரு கட்டத்தில் நிரம்பும். சுமையைக் குறைக்க, படத்தைச் சுருக்கும் லிப்எக்ஸ்264 என்ற என்கோடருக்கு -ப்ரீசெட் அல்ட்ராஃபாஸ்ட் (சுருக்கும் வேகம்), -சிஆர்எஃப் 18 (படத் தரம்) கொடுங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. -ஃப்ரேம்ரேட் 15 என்று திரைக்கான -ஐக்கு முன்னால் போடுங்கள். கட்டங்களில் எண் நிரப்பும் பாடத்துக்கு 15 தாராளம். விளையாட்டுப் பதிவுக்குப் போதாது. ஒலியைப் பதியும்போது சுருக்கவே வேண்டாம், சுருக்காத ஒலி வடிவமான பிசிஎம்_எஸ்16எல்இ போதும். கோப்பு எம்கேவியாக இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் தேறும். எம்பி4 என்றால் மொத்தமும் திறக்காமல் போகலாம்.

ஏரீசாம்பிள்=அசின்க்=1 என்ற வடிகட்டியைச் சிலர் இதற்கெல்லாம் தீர்வாகச் சொல்வார்கள். அது உதிர்ந்த இடத்தில் மௌனத்தை நிரப்பி, படமும் குரலும் விலகாமல் காக்கும். போன வார்த்தை போனதுதான்.

பதிந்து முடித்தபின் நிதானமாக இன்னொரு முறை சுருக்குங்கள்: -ப்ரீசெட் ஸ்லோ, -சிஆர்எஃப் 23, ஒலிக்கு ஏஏசி. அப்போது நிற வடிவத்தைக் குறிக்கும் -பிக்ஸ்_எஃப்எம்டி ஒய்யுவி420பி என்பதையும் சேருங்கள். ஒய், யு, வி என்று எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள். இதை விட்டால் லிப்எக்ஸ்264 திரைப் பதிவை நிற விவரத்தைக் குறைக்காத 444 வடிவத்திலேயே வைத்துக்கொள்ளும், பல கைப்பேசிகளில் படம் ஓடாது.