பல்லவிக்கு ஒரு கேள்வி: கன்ஃபூசியஸின் வாழ்விலிருந்து பாட்டு எழுதுவது

பழைய சீனத் தத்துவ ஞானி கன்ஃபூசியஸைப் பற்றிப் பாட்டு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு காரியம் செய்வார்கள். அவருடைய பொன்மொழிகளில் நாலைந்தைப் பொறுக்கி எடுத்து எதுகை மோனை சேர்ப்பார்கள். உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்று பல்லவி தானாக வந்து விழும். பள்ளி ஆண்டு விழாவுக்கு அது போதும். ஆனால் இன்னொரு முறை பாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவருடைய தத்துவம் முழுக்க நடத்தையில் இருக்கிறது. யார் எதிரே, எந்த நேரத்தில், என்ன விலை கொடுத்து அப்படி நடந்துகொண்டார் என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுவரில் மாட்டும் வாசகம்தான்.

நான் சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கிறேன், மெட்டுக் கட்டிப் பாட்டும் எழுதுகிறேன். வார இறுதியில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சிலர் கூடிப் பாடுவோம். குழுவில் குச்சின் வாசிக்கும் சீனத் தோழி ஒருத்தியும் உண்டு. குச்சின் ஏழு தந்திகள் கொண்ட பழைய சீன யாழ். 1980களில் இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் கன்ஃபூசிய நன்னெறி ஒரு பாடமாக இருந்தது. வகுப்புத் தோழிகள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் பாடுகிறவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அழுத நாளில் அவர் பாடமாட்டார் என்று லுன்யூ என்ற தொகுப்பில் ஒரு வரி வருகிறது. அப்படியானால் மற்ற நாட்களில் எல்லாம் பாடியிருக்கிறார்! யாராவது நன்றாகப் பாடினால் இன்னொரு முறை பாடச் சொல்லி, பிறகு தானும் சேர்ந்துகொள்வாராம். சீ நாட்டில் ஷாவ் என்ற இசையைக் கேட்டபின் மூன்று மாதம் இறைச்சியின் ருசியே தெரியவில்லையாம். இப்படிப்பட்டவருக்குப் பாட்டு எழுதாமல் எப்படி இருப்பது?

எங்கே படிப்பது என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு இடங்கள் போதும். ஒன்று லுன்யூ. அவருடைய பேச்சையும் நடத்தையையும் சீடர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தொகுத்தது, 20 அத்தியாயம். மற்றது சிமா சியென் எழுதிய சீன வரலாறு. அதில் கன்ஃபூசியஸுக்கு ஒரு தனி அத்தியாயம், சீடர்களுக்கு இன்னொன்று. கன்ஃபூசியஸ் இறந்தது கி.மு. 479இல். சிமா சியென் எழுதியது ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு கழித்து. அதனால் அவரிடமிருந்து எடுக்கும் சம்பவத்தை 'என்பார்கள்' என்று வரிக்குள்ளேயே சொல்லிவிடுவது என் வழக்கம். தமிழில் அந்தச் சொல் பாட்டுக்குள் அழகாகவே உட்காரும். கேட்கிறவருக்கும் நேர்மையாக இருக்கும்.

அவர் யாழ் கற்ற கதையும் சிமா சியெனிடம்தான் இருக்கிறது. நம் வேலைக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. ஷியாங் என்ற இசை ஆசானிடம் ஒரே உருப்படியைப் பல நாட்கள் வாசிக்கிறார். அடுத்ததற்குப் போகலாம் என்கிறார் ஆசான். "மெட்டு வந்துவிட்டது, கை இன்னும் வரவில்லை" என்கிறார் இவர். கை வந்துவிட்டது, போகலாமா? "கருத்து இன்னும் பிடிபடவில்லை." கருத்தும் பிடிபட்டது. "இதை இயற்றிய மனிதர் இன்னும் தெரியவில்லை." கடைசியில் ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, கறுத்த, உயர்ந்த, தொலைவைப் பார்க்கும் கண்களுடைய ஒருவர் தெரிகிறார், அவர் பழங்காலத்து வென் அரசராகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். ஆசான் எழுந்து வணங்குகிறார். அந்த உருப்படி வென் அரசருடையது என்றுதான் அவருக்கும் சொல்லித் தரப்பட்டிருந்தது. பாட்டு எழுதும்போது இதே படிகளில் நான் எதிர்த்திசையில் நடக்கிறேன். மனிதர் முதலில், கருத்து அப்புறம், மெட்டு கடைசியில். மனிதர் கண்ணுக்குத் தெரியும் வரை பேனாவைத் திறப்பதில்லை.

சரி, மனிதர் எப்படித் தெரிவார்? அவர் நிலைகுலைந்த இடத்தைத் தேடுங்கள். யென் ஹுய் என்ற சீடன் அவருக்கு உயிர். மூங்கில் கூடையில் சோறு, சுரைக்குடுவையில் தண்ணீர், குடியிருக்க ஒரு குறுகிய சந்து. மற்றவர்களால் தாங்க முடியாத அந்த வறுமையிலும் அவன் மகிழ்ச்சி குறையவில்லை என்று ஆசானே வியக்கிறார். அவன் இளவயதில் இறந்துபோகிறான். வானம் என்னை அழித்துவிட்டது என்று இரண்டு முறை கதறுகிறார். கூட இருந்தவர்கள், நீங்கள் அளவு மீறி அழுகிறீர்கள் என்கிறார்கள். அளவையும் முறையையும் வாழ்நாளெல்லாம் கற்பித்தவரிடம் சொல்கிறார்கள்! அவர் திருப்பிக் கேட்கிறார்: அப்படியா அழுகிறேன்? இவனுக்காக அழாமல் வேறு யாருக்காக அழுவது?

இந்தப் பதில்தான் பல்லவி. நான் அதிகம் தொடவில்லை.

அளவு கடந்தா அழுகின்றேன்?
இவனுக்கு இல்லாக் கண்ணீர்
எவனுக்கு?

பல்லவியைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்வேன். யாரோ ஒருவர் இன்னொருவரிடம் உண்மையில் பேசக்கூடிய வாக்கியமாக அது இருக்கட்டும். கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சரணம் முடிந்து ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் பொருள் கொஞ்சம் மாறும். அறம், அன்பு, கடமை என்ற சொற்கள் பல்லவியில் வந்தால் அடித்துவிடுங்கள். அவை கேட்கிறவர் மனதில் தானாக எழ வேண்டியவை. திருக்குறளையும் துணைக்கு அழைக்க வேண்டாம். மேடையில் அது உடனே கைதட்டல் வாங்கித்தரும், ஆனால் கேட்கிறவர் ஆசானின் லூ நாட்டை விட்டு நம் வகுப்பறைக்குத் திரும்பிவிடுவார்.

அடுத்தது, சரணத்தை யார் பாடுவது? கன்ஃபூசியஸையே முழுவதும் பாட வைத்தால் பாட்டு போதனையாகச் சாய்ந்துவிடும். பக்கத்தில் நின்றவரிடம் கொடுங்கள். யென் ஹுய்யின் தந்தை யென் லூ, மகனுக்கு வெளிப்பேழை, அதாவது சவப்பெட்டியைச் சுற்றி வைக்கும் வெளிப்பெட்டி, வாங்க ஆசானின் வண்டியைக் கேட்டு வருகிறார். ஆசான் மறுக்கிறார். என் மகன் இறந்தபோதும் வெளிப்பேழை இல்லாமல்தான் புதைத்தேன், பெரிய அதிகாரிகளின் வரிசையில் போகிற நான் நடந்து போவது முறையல்ல என்கிறார். கேட்க நமக்கே கடினமாக இருக்கிறது, இல்லையா? அதை மழுப்பாதீர்கள். அவ்வளவு அழுதவரும் இவர்தான், வண்டியைக் கொடுக்காதவரும் இவர்தான். இரண்டும் ஒரே பாட்டில் இருந்தால் கன்ஃபூசிய முறை என்பது எவ்வளவு கனமானது என்று யாரும் விளக்காமலே புரியும். நான் தந்தையின் குரலில் எழுதியது இது:

வண்டியைக் கேட்டு வாசலில் நின்றேன்,
விற்றால் வெளிப்பேழை வாங்கலாம் என்றேன்.
என்மகனுக்கும் அது இல்லை என்றார்,
ஏனென்று நான்திருப்பிக் கேட்கவில்லை.

இதற்குப் பின் 'இவனுக்கு இல்லாக் கண்ணீர் எவனுக்கு' என்று பல்லவி திரும்பும்போது அது ஆசானின் குரலா தந்தையின் குரலா என்று பிரிக்க முடியாது. அந்த இடத்தில் தம்புரா மட்டும் போதும், தாளக்கருவிகளை நிறுத்திவிடுவேன்.

ஒரு முழு வாழ்க்கையைப் பாட வேண்டுமென்றால் வேறு உத்தி வேண்டும். ஆண்டு வரிசையில் போனால் பாட்டு வாழ்க்கைக் குறிப்பாகிவிடும். ஒரு பொருளைப் பிடியுங்கள். ட்ஸூ லூ என்ற சீடன் முதலில் ஒரு முரடன். சேவல் தொப்பியும் பன்றித்தோல் அணியுமாக வந்து ஆசானையே சீண்டியவன். பிறகு அவருக்காக எதையும் செய்யும் சீடனாகிறான். இவன் இயல்பாகச் சாகமாட்டான் என்று ஆசான் முன்பே கவலைப்பட்டிருக்கிறார். கி.மு. 480இல் வெய் நாட்டில் அதிகாரச் சண்டை. தன் எசமானைக் காப்பாற்ற உள்ளே ஓடுகிறான், வெட்டு விழுகிறது, தொப்பியின் நாடா அறுகிறது. நல்லவன் சாகும்போதும் தொப்பி கழலக் கூடாது என்று சொல்லி, நாடாவைக் கட்டிக்கொண்டே இறக்கிறான். முதல் சரணத்தில் சேவல் தொப்பி, கடைசிச் சரணத்தில் நாடா. நடுவில் உள்ள நாற்பதாண்டை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொப்பி மாறியதே அவன் கற்ற கல்வி.

பெயர்களைத் தாளத்தில் வைப்பதில் கவனம் வேண்டும். 'கன்ஃபூசியஸ்' என்று முடியும் ஸகரத்தை நீட்டிப் பாட முடியாது. அதனால் என் பாட்டுகளில் அவர் எப்போதும் 'ஆசான்'தான். 'ட்ஸூ லூ' நல்ல பெயர், இரண்டும் நெடில், எடுப்பில் வைத்தால் கூப்பிடுவது போலவே இருக்கும். 'யென் ஹுய்' என்பதை வரி முடிவில் தள்ளாதீர்கள், மூச்சு அறுந்துபோகும். மெட்டுக்குத் தத்தகாரம் (தன்னன்னா என்ற சந்தக் குறிப்பு) எழுதும்போதே பெயர் வரும் இடத்தைக் குறித்துவிடுவது நல்லது. அப்புறம் சீனம் தெரிந்த ஒருவரிடம் உச்சரிப்பைச் சரிபாருங்கள். என் தோழி இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இராகத்துக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய சீன இசையின் ஐந்து சுர முறைகளில் கொங் என்பது நம் மோகனத்தின் சுரங்கள். அதையே கிரக பேதம் செய்தால், அதாவது வேறொரு சுரத்தை ஆதார ஸட்ஜமாக வைத்தால், ஷாங் முறைக்கு மத்யமாவதி, ஜுவேக்கு இந்தோளம், ஜி முறைக்கு சுத்த சாவேரி, யூவுக்கு சுத்த தன்யாசி கிடைக்கும். ஐந்தும் நம் கையில் ஏற்கெனவே இருக்கிற இராகங்கள்! சீனத் திரைப்பட இசை போல எதையாவது மேலே பூச வேண்டிய அவசியமே இல்லை. யென் ஹுய் பாட்டை சுத்த தன்யாசியில் விளம்பமாக வைத்தேன். மத்யமாவதியைச் சோகத்துக்கு எடுக்க வேண்டாம் என்பேன், நம் காதில் அது கச்சேரி முடிவின் மங்களம். கமகத்தில் கம்பிதத்தை (சுரத்தை அசைப்பதை) குறைத்து ஜாருவை (வழுக்கிச் செல்வதை) கூட்டுங்கள். குச்சினில் இடக்கை தந்தியில் வழுக்கிப் போகும் ஓசைக்கு அதுதான் நெருக்கம். குச்சின் சத்தம் மிக மெல்லியது. மிருதங்கத்தோடு வைத்தால் காணாமல் போகும். கஞ்சிரா கூட அதிகம், நாங்கள் கைத்தாளத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கன்ஃபூசியஸோடு நின்றுவிட வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. கொரியாவின் தத்துவ அறிஞர் தொய்கியே, அதாவது யி ஹ்வாங், 1565இல் பன்னிரண்டு பாடல்களைத் தாய்மொழியான கொரியனில் எழுதினார். அறிஞர்களின் எழுத்து அப்போது சீனத்தில். சீனக் கவிதையை ஓதலாம், பாட முடியாது, பாட வேண்டுமானால் நம் பேச்சில்தான் வேண்டும் என்று காரணமும் எழுதிவைத்தார். பிள்ளைகள் பாடி ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. தமிழில் இந்த வேலையைச் செய்ய நமக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

அதே கொரியாவில் தாசான் என்ற அறிஞர், ஜொங் யாக் யொங், 1801இல் தண்டனையாகத் தொலைவிடத்துக்கு அனுப்பப்பட்டு 18 ஆண்டுகள் ஊரைவிட்டு இருந்தார், பெரும்பகுதி தெற்கே காங்ஜினில். மனைவி தன் சாயம் போன பழைய கல்யாணப் பாவாடையை அனுப்பிவைத்தார். அவர் 1810இல் அந்தத் துணியை நறுக்கிச் சிறு ஏடுகளாக்கி மகன்களுக்கு அறிவுரை எழுதினார். 1813இல் எஞ்சிய துணியில் மகளுக்கு, பூத்த மரக்கிளையில் இரண்டு பறவைகள் வரைந்து ஒரு கவிதையும் எழுதினார். அறிவுரையைப் பாடாதீர்கள், துணியைப் பாடுங்கள். இந்தோளம் பொருந்தும். மனைவியின் குரலில் யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வந்து கேட்பேன்.

பாட்டு முடிந்ததும், இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாத ஒருவரிடம் பாடிக்காட்டுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். என்ன நடந்தது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். யாரோ ஒரு வாத்தியார், பிரியமான மாணவன் செத்துட்டான், அப்பா வந்து வண்டி கேட்டார் என்று அவர் சொன்னால் போதும். இது ஏதோ நல்லொழுக்கப் பாட்டு என்று சொன்னால் சரணத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

மேடையில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் முன்னுரை வேண்டாம். வரிசையில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ட்ஸூ லூவின் மரணத்துக்கு அடுத்து நாங்கள் மோகனத்தில் வசந்தப் பாட்டைப் பாடுகிறோம். ஆசான் நான்கு சீடர்களிடம் உங்கள் ஆசை என்ன என்று கேட்கும் காட்சி அது. ட்ஸெங் தியென் வாசித்துக்கொண்டிருந்த யாழை வைத்துவிட்டு, வசந்தத்தின் கடைசியில் புது உடை உடுத்தி, யீ ஆற்றில் குளித்து, மழை வேண்டி வழிபடும் மேடையில் காற்று வாங்கி, பாடிக்கொண்டே வீடு திரும்ப வேண்டும் என்கிறான். நானும் உன் பக்கம் என்கிறார் ஆசான். ஆனால் அந்தக் காட்சியில் கேட்ட உடனே முந்திக்கொண்டு வாய் திறப்பவன் ட்ஸூ லூ. ஆசான் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார். முந்தின பாட்டில் இறந்தவனை இதில் கேட்கிறவர்கள் உயிரோடு பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பேசாதீர்கள், கைதட்டலுக்கும் இடம் விடாதீர்கள். சுருதி ஓடிக்கொண்டிருக்க நேரே மோகனத்துக்குள் போய்விடுங்கள்.